பத்து வருடம் கழித்துப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போகிறேன், எப்படித் தயாராவது?

மறதியை நினைத்துப் பயப்படுகிறீர்கள்; மனத்துயர் செபம்கூட மறந்துவிட்டது என்கிறீர்கள். இரண்டுமே பெரிய தடை இல்லை. பாவசங்கீர்த்தனம் என்பது கத்தோலிக்கர் குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது. நீண்ட இடைவெளிக்குப் பிறகு செய்யும்போது அது கெடுவது பெரும்பாலும் மறதியால் அல்ல. தெரிந்தே ஒன்றை விழுங்கிவிடுவதாலும், எல்லாவற்றையும் மழுப்பிச் சொல்வதாலும்தான்.

மறைக்கல்வியில் ஐந்து காரியம் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்: ஆன்ம சோதனை, மனத்துயர், இனிச் செய்வதில்லை என்ற தீர்மானம், குருவிடம் அறிக்கையிடுதல், அபராதம் தீர்த்தல் (பரிகாரமாகக் குரு சொல்லும் செபத்தையோ செயலையோ நிறைவேற்றுவது). முக்கியமானது இரண்டாவது. ஆனால் உட்கார்ந்து செய்ய வேண்டியது முதலாவது.

ஒரு தாளோடு அரைமணி நேரம் உட்காருங்கள். வருட வாரியாக யோசித்தால் குழம்பும். பத்துக் கட்டளைகளை வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றிலும் கல்லூரி, வேலை, கல்யாணம் என்று வாழ்க்கையின் கட்டங்களை ஓட்டிப் பாருங்கள். முதல் கட்டளையில் ஜோசியம், தாயத்து, செய்வினை எடுப்பது எல்லாம் வரும். பலர் இதைப் பாவமாகவே எண்ணுவதில்லை. ஏழாவதில் வாங்கித் திருப்பாத கடனும், தம்பிக்குச் சேர வேண்டிய பாகமும் வரும்.

திருச்சபைச் சட்டம் 988 கேட்பது இதைத்தான்: சாவான பாவங்களை வகையும் எண்ணிக்கையுமாகச் சொல்ல வேண்டும். கனமான காரியம், அது பாவம் என்ற தெளிவு, முழுச் சம்மதம் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் சாவான பாவம். அற்பப் பாவங்களைச் சொல்வது நல்லது, கட்டாயம் இல்லை. பத்து வருடத்துக்குத் துல்லியமான எண்ணிக்கை யாராலும் தர முடியாது. “மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை, ஐந்து வருடமாக” என்றால் போதும்.

மழுப்புவது எப்படி இருக்கும் என்றால், “கோபப்பட்டேன், சண்டை போட்டேன்” என்று முடித்துவிடுவது. உள்ளே இருக்கும் காரியம் வேறு: “வீட்டுப் பாகப்பிரிவினையில் அண்ணனோடு சண்டை. மூன்று வருடமாகப் பேசவில்லை. அம்மா திதிப் பூசைக்கும் அவர் வந்ததால் நான் போகவில்லை.” முதலாவதைக் கேட்டால் குருவுக்கு ஒன்றும் புரியாது. இரண்டாவதில் பாவமும் தெரிகிறது, எதைச் சரிசெய்ய வேண்டும் என்பதும் தெரிகிறது. அதற்காக அண்ணன் செய்ததையெல்லாம் அடுக்க வேண்டாம். அது அவருடைய பாவசங்கீர்த்தனம். அடுத்தவர் பெயரும் வேண்டாம்.

மனத்துயருக்கு அழுகை வரவேண்டும் என்பதில்லை. கடவுள்மீதுள்ள அன்பால் வருந்துவது உத்தமம். பாவத்தின் அருவருப்பாலோ நரக பயத்தாலோ வருந்தினாலும் இந்த அருட்சாதனத்தில் மன்னிப்புக் கிடைக்கும். தீர்மானமும் அப்படித்தான். மறுபடி விழுந்துவிடுவேனோ என்ற பயம் அதைக் கெடுக்காது. விழ வைக்கிற இடத்துக்கே திரும்பப் போகும் திட்டத்தோடு முழந்தாளிட்டால் கெடும்.

நேரம் பார்த்துப் போங்கள். ஞாயிறு பூசைக்குப் பத்து நிமிடம் முன்பும், ஈஸ்டருக்கு முந்திய பெரிய வாரத்திலும் வரிசை நீளும், குருவும் அவசரத்தில் இருப்பார். முன்கூட்டியே, “ஃபாதர், பத்து வருடம் ஆச்சு, கொஞ்சம் நேரம் வேணும்” என்று கேட்டுவிடுங்கள். பங்குச் சாமியிடம் கூச்சமாக இருந்தால் வேறு பங்குக்குப் போகலாம், வலைத் தடுப்புக்குப் பின்னாலிருந்தும் சொல்லலாம். போனில் செய்ய முடியாது. ரகசியம் பற்றிச் சந்தேகமே வேண்டாம்: நேரடியாக அதை உடைக்கும் குரு அந்தக் கணமே திருச்சபை விலக்குக்கு ஆளாகிறார்.

உள்ளே போனதும் சிலுவை அடையாளம். “சாமி, என்னை ஆசீர்வதியுங்கள், நான் பாவி. பாவசங்கீர்த்தனம் செய்து பத்து வருடம் ஆகிறது.” கல்யாணம் ஆனவரா, என்ன வேலை என்று ஒரு வரி சொன்னால் அறிவுரை கூற அவருக்கு வசதி. பிறகு, சொல்ல மிகவும் கூசுகிற பாவத்தை முதலில் சொல்லிவிடுங்கள். கடைசிக்கு வைத்தால் நாக்கு பின்வாங்கும். தாளைப் பார்த்துப் படிக்கலாம். முடிவில், “இவற்றுக்கும் மறந்துபோன பாவங்களுக்கும் மன்னிப்புக் கேட்கிறேன்” என்று சொல்லுங்கள். மனத்துயர் செபம் வராவிட்டால் சொந்த வார்த்தையில் சொல்லலாம், அல்லது குரு சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லலாம். அவர் மன்னிப்பு வழங்கி முடிக்கும்வரை எழுந்துவிடாதீர்கள். வெளியே வந்து தாளைக் கிழித்துவிடுங்கள்.

சாவான பாவம் ஒன்று பிறகு நினைவுக்கு வந்தால் அதுவும் மன்னிக்கப்பட்டதுதான். நற்கருணை வாங்கலாம், அடுத்த முறை அதைச் சொன்னால் சரி. வேண்டுமென்றே மறைத்திருந்தால் கதை வேறு: அந்தப் பாவசங்கீர்த்தனமே செல்லாது. மறைத்ததையும், அன்று சொன்ன சாவான பாவங்களையும், அதற்குப் பிறகு செய்தவற்றையும் சேர்த்து மறுபடி சொல்ல வேண்டும்.

எடுத்த பணத்தைத் திருப்பித் தருவதும், கெடுத்த பேரைச் சரிசெய்வதும் மன்னிப்போடு தீர்ந்துவிடாது, கடமையாக நிற்கும். நேரில் கொடுக்க வழியில்லை என்றால் எப்படிச் சேர்ப்பது என்று அங்கேயே குருவிடம் கேளுங்கள். அபராதத்தைக் கோவிலை விட்டுக் கிளம்புமுன் தீர்த்துவிடுவது நல்லது. நாளைக்கு என்று வைத்தால் சொன்னது ஐம்பத்து மூன்று மணிச் செபமாலையா, பத்து மணி மட்டுமா என்று குழப்பம் வரும்.