ஏரிக்கரை வீடும் கம்பெனித் தண்ணீரும்: கேள்வி பதில்

அமெரிக்காவில் ஏரிக்கரையில் வீடு வாங்கியவர்களும் வாங்க நினைப்பவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. பெரும்பாலும் ஒரே புகார்தான்: மின்சாரக் கம்பெனி தண்ணீரை இஷ்டத்துக்கு ஏற்றுகிறது, இறக்குகிறது, எங்களை ஒரு வார்த்தை கேட்பதில்லை. நான் புனல்மின் அணைகளின் லைசென்ஸ் புதுப்பிப்பு வேலையில் இருபது ஆண்டுக்கு மேல் கம்பெனிகள் பக்கம் உட்கார்ந்திருந்தவள். பதில்களில் அந்த வாடை அடித்தால் கொஞ்சம் கழித்துப் படித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (செயின்ட் லூயிஸ்): அக்கா, ஓசார்க்ஸ் ஏரியில் ஒரு வீடு பிடித்துப்போய்விட்டது. பத்திரத்தில் "கம்பெனிக்குத் தண்ணீர் தேக்கும் உரிமை உண்டு" என்று ஒரு வரி இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

பதில்: பயம் வேண்டாம். ஆனால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் படிக்க வேண்டிய வரி அதுதான். ஓசார்க்ஸ் இயற்கை ஏரி இல்லை. ஓசேஜ் ஆற்றின் குறுக்கே 1929-ல் தொடங்கி 1931-ல் முடித்த பேக்னெல் அணைதான் அதை உண்டாக்கியது. கட்டியது யூனியன் எலெக்ட்ரிக். இன்று அது அமெரென் மிசௌரி. இப்படிப்பட்ட ஏரிகளில் கம்பெனி சில நிலங்களை விலைக்கே வாங்கியிருக்கும். சிலவற்றில் நிலத்தைச் சொந்தக்காரரிடமே விட்டுவிட்டு, இன்ன உயரம் வரை தண்ணீர் ஏறினால் கேட்கக்கூடாது என்று எழுதி வாங்கியிருக்கும். அந்த எழுத்து நிலத்தோடு ஒட்டிக்கொண்டது. தாத்தா விற்றாலும் பேரன் வாங்கினாலும் அது கூடவே வரும்.

ஏரி நிறைந்திருக்கும்போது மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 660 அடி, குளிர்காலத்தில் 654 வரை இறங்கும். உங்கள் வீட்டின் தரை எத்தனை அடியில் இருக்கிறது என்று சர்வேயரை வைத்து அளந்து எழுத்தில் வாங்குங்கள். படகுத்துறைக்கான அனுமதி வேறு சமாச்சாரம். அதைக் கம்பெனி தருகிறது, விற்பவர் பெயரிலிருந்து உங்கள் பெயருக்கு மாற வேண்டும். வீடு கைக்கு வந்து துறை வராமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (அதே ஊர், வேறொருவர்): அங்கே வீடுகளையே இடிக்கச் சொன்னார்களாமே?

பதில்: 2011-ல் நடந்தது. அணைகளுக்கு லைசென்ஸ் தருவது மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம், சுருக்கமாக ஃபெர்க். மின்திட்டத்தின் எல்லைக்கோட்டுக்குள் அனுமதியின்றிக் கட்டியவை அகற்றப்பட வேண்டும் என்று அது உத்தரவு போட்டது. கணக்கெடுத்தால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் உள்ளே வந்தன. கையில் பத்திரம், வங்கிக் கடன், ஒழுங்காகக் கட்டிய வரி எல்லாம் வைத்திருந்தவர்கள் பாவம், வெலவெலத்துப்போனார்கள். மிசௌரியின் காங்கிரஸ் உறுப்பினர்கள் கட்சி பார்க்காமல் கிளம்பினார்கள். கடைசியில் 2012-ல் எல்லைக்கோட்டையே மாற்றி வரைந்து பெரும்பாலான வீடுகளை வெளியே விட்டார்கள். இதில் ஒரு வேடிக்கை: கோட்டைச் சுருக்கலாம் என்று கேட்டதே கம்பெனிதான். எல்லா நேரமும் கம்பெனி வில்லன் இல்லை.

கேள்வி (சார்லட்): ஒவ்வொரு குளிர்காலமும் எங்கள் படகுத்துறை சேற்றில் உட்கார்ந்துவிடுகிறது. இறக்காமல் இருந்தால் என்ன? கம்பெனிக்கு லாபம், எங்களுக்குச் சேறா?

பதில்: தண்ணீரை இறக்குவதில் கம்பெனிக்கு எப்போதும் லாபம் என்று நினைக்காதீர்கள். புனல்மின்சாரத்துக்குத் தண்ணீரின் அளவும் வேண்டும், விழும் உயரமும் வேண்டும். ஏரி நிறைந்திருந்தால் அதே ஒரு குடம் தண்ணீர் கூடுதல் மின்சாரம் தரும். ஆக அவர்களுக்கும் நிறைகுளம்தான் ஆசை. ஆனால் மின்சாரம் விலை ஏறும் நேரத்தில் விற்பதுதான் வியாபாரம். மாலையில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடும்போது மட்டம் சரசரவென்று இறங்குவது அதனால்.

குளிர்கால இறக்கம் வேறு. வசந்தகால மழைக்கும் பனி உருகலுக்கும் இடம் ஒதுக்குவது, கரையைப் பனிக்கட்டி பிளக்காமல் காப்பது, துறையையும் தடுப்புச் சுவரையும் பழுதுபார்க்க வழிவிடுவது, ஆழமற்ற இடத்துக் களைகளை உறைய வைத்துக் கொல்வது என்று அதற்குப் பல காரணம். எந்த மாதம் எந்த மட்டம் என்பது பெரும்பாலும் லைசென்ஸிலேயே அட்டவணையாக இருக்கும். கம்பெனியின் இஷ்டம் அந்த அட்டவணைக்கு உட்பட்டதுதான். மேலாளரிடம் சண்டை போடுவதற்கு முன் அதை எடுத்துப் பாருங்கள்.

கேள்வி (மிட்லாண்ட், மிச்சிகன்): 2020-ல் ஈடன்வில் அணை உடைந்தபோது நாங்கள் பிள்ளைகளோடு பள்ளிக்கூட முகாமில் இருந்தோம். ஏரிக்காரர்கள் தண்ணீரை உயர்த்தச் சொன்னதால்தான் அணை உடைந்தது என்று ஒரு பேச்சு, இல்லை கம்பெனிதான் என்று ஒரு பேச்சு. எது உண்மை மேடம்?

பதில்: இதற்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும்.

டிட்டபவாஸீ, டொபாக்கோ ஆறுகள் சேரும் இடத்தில் 1920-களில் எழுந்த மண்ணணை அது. அது தேக்கியதுதான் விக்ஸம் ஏரி. மின்உற்பத்தித் திறன் 4.8 மெகாவாட், அவ்வளவுதான். ஒரு பெரிய காற்றாலையே இன்று அதற்குக் கிட்ட வந்துவிடும். ஆனால் அந்தச் சின்ன ஆலையைச் சுற்றிக் கரை நெடுக வீடுகள், கடைகள், படகுகள் என்று ஓர் ஊரே வளர்ந்துவிட்டது. அணையின் வருமானம் மின்சாரத்திலிருந்து, அணையின் மதிப்போ கரையிலிருந்த வீடுகளில். செலவு செய்ய வேண்டியவரிடம் பணமில்லை, பலன் அனுபவித்தவர்களிடம் பொறுப்பில்லை. எல்லாச் சிக்கலுக்கும் வேர் இதுதான் என்பது என் எண்ணம்.

பாய்ஸ் ஹைட்ரோ என்ற கம்பெனி 2006-ல் அதை வாங்கியது. மிகப்பெரிய வெள்ளம் என்று கணக்கிட்டதில் பாதியளவைத்தான் உபரிநீர் மதகுகள் கடத்தும், கூடுதல் வழி கட்டு என்று ஃபெர்க் வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தது. கம்பெனி பணமில்லை என்றது. 2018 செப்டம்பரில் ஃபெர்க் லைசென்ஸைப் பறித்தது. நியாயமான தண்டனைதான். ஆனால் விளைவைப் பாருங்கள்: மின்சாரம் விற்க முடியாது, ஆகவே வருமானமே இல்லை. அணை மட்டும் அங்கேயே நிற்கிறது, கண்காணிப்பு மாநில அரசின் கைக்குப் போய்விட்டது.

அப்புறம்தான் நீர்மட்டச் சண்டை. ஏரி வற்றினால் வீட்டு விலை போய்விடும் என்ற கவலை கரைக்காரர்களுக்கு. மிச்சிகனில் ஏரிக்குச் சட்டப்படியான மட்டத்தை மாவட்ட நிர்வாகம் கேட்டு நீதிமன்றம் நிர்ணயிக்கலாம். 2019 மே மாதம் அப்படியே நிர்ணயித்தார்கள்: விக்ஸம் ஏரிக்குக் கோடையில் 675.8 அடி, குளிர்காலத்தில் அதைவிட மூன்றடி குறைவு. கம்பெனியோ 2018, 2019 குளிர்காலங்களில் பாதுகாப்புக்காக என்று சொல்லி, அனுமதி இல்லாமல் இன்னும் கீழே இறக்கியது. ஏரித்தரை வெளியே தெரிந்து நன்னீர் மட்டிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன, அதில் அழிவின் விளிம்பில் இருக்கும் இனமும் உண்டு. 2020 ஏப்ரல் கடைசியில் கம்பெனி மாநில அதிகாரிகள் மேல் வழக்குப் போட்டது, மறுநாளே மட்டிகளுக்காக மாநிலம் கம்பெனி மேல் வழக்குப் போட்டது. இதற்கிடையே அந்த வசந்தத்தில் அனுமதியோடு ஏரி மறுபடி நிரப்பப்பட்டது.

மே 19 மாலை, இரண்டு நாள் அடைமழைக்குப் பிறகு, அணையின் கிழக்குப் பக்கக் கரை சரிந்தது. கீழே இருந்த சான்ஃபோர்ட் அணையும் போயிற்று. பத்தாயிரம் பேருக்கு மேல் வெளியேறினார்கள். உயிர்ச்சேதம் இல்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். தண்ணீர் கரையைத் தாண்டி வழியவே இல்லை. அதற்கு முன்பே மண் விட்டுவிட்டது. சுயேச்சை நிபுணர் குழு 2022-ல் தந்த இறுதி அறிக்கைப்படி, நூறாண்டுக்கு முன் சரியாக இறுக்கப்படாத மணல், தண்ணீர் ஊறியதும் திடீரென்று கூழாகிப் போனது. சரியும் அந்த நொடிகளைப் பக்கத்தில் இருந்த ஒருவர் கைபேசியில் பிடித்திருக்கிறார். குழுவுக்குப் பெரிய தடயமாக இருந்ததும் அதுதான். வழக்கமான மட்டத்தைவிட ஏரி பல அடி ஏறியது மழையால். ஏப்ரலில் நிரப்பாமல் விட்டிருந்தால் பிழைத்திருக்குமா என்று கேட்டால், அந்த மழையின்போது கொஞ்சம் தாங்கியிருக்கலாம். பலவீனம் உள்ளேயே இருந்தது. 675 அடியா 667 அடியா என்று எல்லோரும் வழக்காடினார்கள், கரை எந்த மணலில் கட்டியது என்று கேட்ட வழக்கு ஒன்றும் இல்லை. ஆகவே கரைக்காரர்கள் தலையில் மட்டும் கட்டாதீர்கள். கம்பெனி, கண்காணித்தவர்கள், அந்தக் காலத்துக் கட்டுமானம் எல்லாவற்றிலும் பங்கு இருக்கிறது.

கேள்வி (அவரே): நஷ்டஈடு?

பதில்: கம்பெனி இரண்டே மாதத்தில் திவால் மனு கொடுத்துவிட்டது. பிறகு உரிமையாளர் மேல் கிட்டத்தட்ட 12 கோடி டாலருக்கு நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. தீர்ப்பு வேறு, கையில் காசு வேறு. அணைகளைத் திரும்பக் கட்ட மாநிலம் சுமார் 20 கோடி டாலர் தந்தது. மீதியை, கம்பெனியின் அணைகள் தேக்கிய நான்கு ஏரிகளின் கரைவீடுகள் மேல் நாற்பது ஆண்டுத் தவணையாகப் போட்டார்கள். வழக்கமான வீட்டு இன்சூரன்ஸ் வெள்ளத்துக்குப் பணம் தராது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெள்ளக் காப்பீடு தனி.

கேள்வி (டல்சா): கிராண்ட் லேக்கில் எங்களுக்குக் கோடைக் கடைசியில் தண்ணீர் வேண்டும், மேலே இருக்கும் ஊர்க்காரர்கள் வேண்டாம் என்கிறார்கள். நியாயம் யார் பக்கம்?

பதில்: மாட்டிவிடப் பார்க்கிறீர்கள்! பென்சகோலா அணை 1940-ல் முடிந்தது. கிராண்ட் லேக்கைத் தேக்குவது அதுதான். நடத்துவது கிராண்ட் ரிவர் டேம் அத்தாரிட்டி என்ற ஓக்லஹோமா மாநில அமைப்பு. பழைய அட்டவணைப்படி ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் வரை மட்டத்தை 741 அடிக்கு இறக்குவார்கள். எதற்குத் தெரியுமா? வெளியே தெரியும் சேற்றில் தினை விதைத்து வாத்துகளுக்குத் தீனி ஆக்க. நம்மூர்க்காரர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். படகுக்காரர்கள் 743 வேண்டும் என்றார்கள், 2017-ல் ஃபெர்க் சம்மதித்தது. மேலே இருக்கும் மயாமி நகரமோ (புளோரிடா மயாமி இல்லை, உள்ளூர்க்காரர்கள் "மயாமா" என்பார்கள்) ஒவ்வொரு அடியும் வெள்ளத்தைத் தங்கள் தெருவுக்குத் தள்ளுகிறது என்கிறது. பக்கத்திலுள்ள பூர்வகுடிகளும் அதையே சொல்கிறார்கள். 2022-ல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த நகரத்தின் புகாரை மறுபடி பாருங்கள் என்று ஃபெர்க்குக்கே திருப்பி அனுப்பியது. உங்களுக்கு வார இறுதிப் படகு, அவர்களுக்குச் சமையலறைத் தரை. என் மனசு எந்தப் பக்கம் என்று புரிந்திருக்கும்.

கேள்வி (கொலம்பியா, தென் கரோலினா): மரே ஏரியை ஒரு காலத்தில் பதினைந்து அடி இறக்கினார்கள் என்கிறார்கள். உண்மையா?

பதில்: ஏறக்குறைய அதேதான். அந்த ஏரியைத் தேக்குவது 1930-ல் முடிந்த சலூடா அணை, மண்ணணை. 1886-ல் சார்ல்ஸ்டனில் வந்ததுபோல் ஒரு நிலநடுக்கம் மறுபடி வந்தால் தாங்காது என்று தெரிந்ததும் ஃபெர்க் வற்புறுத்தியது. 2002-லிருந்து மட்டத்தை இறக்கி வைத்து, பின்னால் இன்னோர் அணையே கட்டி 2005-ல் முடித்தார்கள். அப்போது கரைக்காரர்கள் சேற்றைப் பார்த்துத் திட்டாத நாளில்லை. ஈடன்வில்லுக்குப் பிறகு அதே சேற்றை நான் வேறு கண்ணால் பார்க்கிறேன்.

கேள்வி (மதுரை): முல்லைப்பெரியாறும் இதே கதைதானே அம்மா?

பதில்: இல்லை, அது இரண்டு மாநிலங்களின் வழக்கு, தண்ணீர் பாசனத்துக்கும் போகிறது. ஒரு சாயல் மட்டும் உண்டு: 136 அடி, 142 அடி என்று ஓர் எண் மானப்பிரச்சினையாகிவிட்டால், பிறகு அணையைப் பற்றி நிதானமாகப் பேச முடிவதில்லை.

கேள்வி (ரிச்மண்ட்): சரி, நாங்கள் எங்கே போய்ச் சொல்வது? கம்பெனியின் கூட்டத்தில் கத்தியதில் பலன் இல்லை.

பதில்: கூட்டத்தில் கத்தினால் தேநீர் கிடைக்கும், குறிப்பில் ஏறாது. லைசென்ஸ் பொதுவாக 30 முதல் 50 ஆண்டுக்கு. அது முடிய ஐந்து, ஐந்தரை ஆண்டு முன்பே கம்பெனி ஃபெர்க்குக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். மட்டம், துறை, கரை, மீன் எல்லாம் பேரம் பேசப்படுவது அந்த ஐந்தாண்டில்தான். 1986-லிருந்து மின்சாரத்துக்குத் தரும் அதே கவனத்தைச் சுற்றுச்சூழலுக்கும் பொழுதுபோக்குக்கும் ஃபெர்க் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கருத்துக் கடிதம் யார் வேண்டுமானாலும் போடலாம். ஆனால் முடிவை எதிர்த்து மேலே போக வேண்டுமென்றால், வழக்கில் தலையிடும் தரப்பாக முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். மறுவிசாரணைக்கு முப்பது நாள்தான் கெடு. ஒரு நாள் தாண்டினாலும் கதவு மூடிவிடும். நாங்கள் கம்பெனிப் பக்கம் அமர்ந்து, பதிவு செய்யாத ஊர்ச்சங்கங்களின் அருமையான கடிதங்களை ஓரமாக அடுக்கி வைத்திருக்கிறோம். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

சங்கத்தில் யாராவது ஒருவர் மழைக்காலத்தில் தினமும் ஒரே இடத்தில், தேதியும் நேரமும் போட்டு மட்டத்தைப் படம் எடுத்து வைக்கட்டும். "ரொம்ப ஏறியது" என்பதற்குக் கம்பெனி வக்கீலிடம் பதில் உண்டு. இரண்டு வருடப் படத்துக்கு அவரிடம் சட்டென்று பதில் வராது.

கேள்வி (அவரே): எங்கள் ஏரியின் லைசென்ஸ் எப்போது முடிகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: ஃபெர்க்கின் ஆவணக் காப்பகத்தில் இலவசமாகத் தேடலாம். அணையின் திட்ட எண்ணைக் கண்டுபிடித்துவிட்டால் போதும், கம்பெனி எழுதிய கடிதங்கள் உட்பட எல்லாம் வரும். பெரும்பாலும் அணை வாசலில் இருக்கும் பலகையிலேயே எண் எழுதியிருக்கும். சனிக்கிழமை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.