ஒற்றையா, இரட்டையா?

கொழும்பு புதுக்கடை நீதிமன்றங்களில் நீண்ட காலம் வழக்காடிய மூத்த சட்டத்தரணி ஒருவர், பழைய துப்பறியும் கதைகள் சமரசப் பேச்சுக்கு எப்படிக் கைகொடுக்கும் என்று இளையவர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

ஐயா, எந்தக் கதையிலிருந்து தொடங்கலாம்? (சட்டக்கல்லூரி மாணவி, வெள்ளவத்தை)

எட்கர் அலன் போ 1844இல் எழுதிய 'களவாடப்பட்ட கடிதம்' கதையிலிருந்து தொடங்குங்கள், மகள். அதில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் வருகிறான். நம் முற்றங்களில் புளியங்கொட்டையை உள்ளங்கையில் மூடிக்கொண்டு 'ஒற்றையா, இரட்டையா' கேட்போமே, அதே விளையாட்டில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கோலிக்குண்டுகள் எல்லாவற்றையும் வென்றுவிடுகிறான். எப்படி என்று கேட்டால், எதிரில் இருப்பவனின் முகம் போலவே தன் முகத்தையும் வைத்துக்கொண்டு, மனதில் என்ன எண்ணம் எழுகிறது என்று காத்திருப்பானாம்.

சமரசப் பேச்சுக்கு முதல் நாள் இரவு நான் செய்வதும் அதுதான். எதிர்த்தரப்புச் சட்டத்தரணியாக என்னை வைத்துக்கொண்டு, அவருடைய கட்சிக்காரருக்காக ஒரு பக்கம் எழுதுவேன். நேர்மையாக எழுத வேண்டும். எழுதி முடித்ததும் அவருடைய கோபத்தில் பாதி நியாயமானது என்று எனக்கே தோன்றாவிட்டால், அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுவேன்.

எதிர்த்தரப்பை மடக்கக்கூடிய ஆவணம் ஒன்று எங்களிடம் இருக்கிறது. அதை எப்போது எடுப்பது? (இளம் சட்டத்தரணி, கொட்டாஞ்சேனை)

அதே கதையைப் பாருங்கள். அமைச்சர் ஒருவர் அரச குடும்பத்துப் பெண்மணியின் கடிதத்தைக் களவாடி வைத்திருக்கிறார். கடிதம் கையில் இருக்கும் வரைதான் அவருக்குப் பலம். வெளியிட்ட அன்றே அது போய்விடும். ஆகவே முதல் சந்திப்பிலேயே ஆவணத்தை மேசையில் வீசாதீர்கள். அதைக் காட்டி மிரட்டவும் வேண்டாம்; அது அந்த அமைச்சரின் தொழில், நம்முடையது அல்ல. வழக்கு விசாரணைக்கு வந்தால் அது ஆவணப் பட்டியலில் இருந்தே ஆக வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

பேசும்போது எதைக் கவனிக்க வேண்டும், ஐயா? (பயிலுநர், தெஹிவளை)

சொல்லாமல் விடப்படுவதைக் கவனியுங்கள், தம்பி. 1892இல் வந்த ஷெர்லக் ஹோம்ஸ் கதை ஒன்றில் பந்தயக் குதிரை இரவோடிரவாகக் காணாமல் போகிறது. லாயத்தில் நாய் இருந்தும் குரைக்கவில்லை. அப்படியென்றால் வந்தவன் நாய்க்குப் பழக்கமானவன். குரைக்காததுதான் துப்பு.

புறக்கோட்டையில் தகப்பன் நடத்திய கடையைப் பிரிக்க இரண்டு சகோதரர்கள் வந்தார்கள். நான் அண்ணனுக்காக நின்றேன். தம்பி இரண்டு பக்கப் பட்டியல் கொண்டுவந்தார். சரக்கு, முற்பணம், வான், வரவேண்டிய கடன், தராசு வரைக்கும் அதில் இருந்தது. கடையின் பெயர் மட்டும் இல்லை. அந்தப் பெயர்ப்பலகையை எழுதுவித்தவர் அவர்களுடைய தகப்பன்.

"பலகையை என்ன செய்வது?" என்று கேட்டேன். தம்பி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைக்கத் தொடங்கினார். வெகுநேரம் துடைத்தார். கேட்டால் அண்ணன் மறுத்துவிடுவார் என்ற பயத்தில் அதை எழுதாமலே விட்டிருக்கிறார். அண்ணனுக்கோ பெயரில் பற்று இல்லை. தன் பங்குக்கு வரும் இடத்தை வாடகைக்கு விடும் எண்ணத்தில் இருந்தார். பெயர் தம்பிக்கு என்று முடிவானதும், நான்கு தவணைகளாகப் பேசியும் இழுபட்ட பணக்கணக்கு அன்று மாலைக்குள் தீர்ந்தது.

எதிராளியின் பொய்யை எல்லோர் முன்னிலையிலும் உடைக்கச் சொல்லி என் கட்சிக்காரர் வற்புறுத்துகிறார்.

வேண்டவே வேண்டாம். எல்லோரையும் ஒரே அறையில் கூட்டிக் குற்றவாளியைச் சுட்டிக்காட்டும் காட்சி கதைக்குத்தான் அழகு. சமரசத்தில் அது முகத்தில் அறைவதற்குச் சமம். பொய் உடைபட்டு வெட்கப்பட்டவர் கையொப்பம் இடமாட்டார். அகதா கிறிஸ்டியின் 1934ஆம் ஆண்டு 'ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்' நாவலை வாசியுங்கள். அதில் வரும் துப்பறிவாளர் பொய்ரோ இறுதியில் இரண்டு விளக்கங்களை முன்வைக்கிறார். முடிவை இங்கே சொல்லமாட்டேன், ஆனால் அந்த இரண்டாவது வழி யாருக்காகத் திறந்து வைக்கப்படுகிறது என்று யோசியுங்கள்.

கேட்ட பொருள் கிடைக்காமல் இணங்கினால் தோல்விதானே?

ஹோம்ஸின் 1891ஆம் ஆண்டுக் கதை ஒன்றில், பொஹீமிய மன்னர் ஐரீன் அட்லர் என்ற பெண்ணிடம் இருக்கும் ஒரு புகைப்படம் வெளியானால் தன் திருமணம் குலைந்துவிடும் என்று பயந்து, அதை மீட்கத் துடிக்கிறார். வீட்டைக் குடைந்தும், பயணப்பொதியைத் திருப்பியும், வழிமறித்தும் ஐந்து முறை முயன்று தோற்கிறார். ஹோம்ஸும் தோற்கிறார். அவள் புகைப்படத்துடன் நாட்டை விட்டே போய்விடுகிறாள். தன் பாதுகாப்புக்காக மட்டும் அதை வைத்திருப்பேன், மன்னருக்குத் தடையாக நிற்கமாட்டேன் என்று ஒரு கடிதம் எழுதி வைக்கிறாள். மன்னர் மகிழ்ந்துபோகிறார். அவருக்கு உண்மையில் வேண்டியிருந்தது திருமணம் குலையாத நிம்மதி. அதை யாராவது முதலிலேயே அவரிடம் கேட்டிருந்தால் அந்தப் பெண்ணுக்கு அத்தனை தொல்லை நேர்ந்திருக்காது. கட்சிக்காரரிடம் "என்ன வேண்டும்?" என்பதோடு நிறுத்தாமல், "அது கிடைத்தால் என்ன செய்வீர்கள்?" என்றும் கேளுங்கள்.

வாய்ப்பேச்சில் இணங்கிவிட்டு அடுத்த தவணையில் மாறிவிடுகிறார்களே?

போவின் துப்பறிவாளர் டுப்பான், பொலிஸ் அதிகாரி 50,000 பிராங்குக்குக் காசோலை எழுதிக் கையொப்பமிட்ட பிறகுதான் மேசையைத் திறந்து களவாடப்பட்ட கடிதத்தைக் கொடுக்கிறார். நமக்கு அதற்கு, சிவில் வழக்குகளை நடத்தும் முறையைச் சொல்லும் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 408ஆம் பிரிவு இருக்கிறது. இணக்கத்தை எழுதி நீதிமன்றத்துக்கு அறிவித்து, அதன்படி தீர்ப்பாணை பெற்றுக்கொள்ளுங்கள். அண்ணன் தம்பி விடயத்திலும் அன்று மாலையே நிபந்தனைகளைக் கையால் எழுதி, இருவரின் கையொப்பத்தையும் வாங்கிய பிறகுதான் தேநீர் வரவழைத்தேன்.