கூரை இல்லாத வீட்டுக்குப் புதுப் பூட்டு

வணக்கம் ஐயா,

நான் மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. விடுமுறை நாளில் கைப்பேசியை எடுத்துக்கொண்டு பழைய ரப்பர் தோட்டங்களைச் சுற்றுவேன். தொழிலாளர் குடியிருந்து இப்போது ஆள் இல்லாத லயம், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகை மூடிக் கிடப்பது, செம்பனைக்கு நடுவில் ஒற்றையாய் நிற்கும் கோயில் என்று நிறையப் படம் சேர்ந்துவிட்டது. எடுக்கும்போது இதில் ஒரு கதை இருக்கிறது என்று தோன்றுகிறது. எழுத உட்கார்ந்தால் படத்தில் இருப்பதையே வரிவரியாகச் சொல்லி முடித்துவிடுகிறேன். படித்துப் பார்த்த தோழி, "இதுக்குப் படத்தையே காட்டியிருக்கலாமே" என்றாள். ஒரு படத்தையும் அதை வைத்து எழுதிய கதையையும் இணைத்திருக்கிறேன். புகைப்படமும் ஓவியமும் கதை எழுதுகிறவருக்கு உண்மையிலேயே உதவுமா?

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் தோழியை விட்டுவிடாதீர்கள். இப்படிச் சொல்ல ஆள் கிடைப்பது அபூர்வம்.

படத்தை முதலில் பார்த்தேன், கதையை அப்புறம்தான் படித்தேன். லயத்தில் கடைசி வீடு. கூரை போய்விட்டது, உள்ளே ஏதோ செடி சுவர் உயரத்துக்கு வளர்ந்திருக்கிறது. கதையில் இதெல்லாம் வருகிறது. "காலம் தின்ற வீடு" என்றும் ஒரு வரி வருகிறது. ஆனால் அந்தக் கதவில் ஒரு பூட்டு தொங்குகிறதே, அதைக் காணோம். துரு இல்லாத புதுப் பூட்டு. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், பளபளக்கிறது. கூரை இல்லாத வீட்டுக்கு யார் காசு கொடுத்துப் பூட்டு வாங்கி வந்து போட்டது? சாவி இப்போது யார் வீட்டு ஆணியில் தொங்குகிறது? நீங்கள் எடுக்க நினைத்தது பாழடைந்த வீட்டை. பூட்டு தானாக உள்ளே வந்து விழுந்தது. புகைப்படத்தில் எனக்கு வேண்டியது இப்படித் தானாக வந்து விழுவதுதான். எடுத்தவருடைய எண்ணம் எனக்கு அவ்வளவாகப் பயன்படுவதில்லை, அதை அவரே படமாக எடுத்து முடித்துவிட்டார்.

அமெரிக்கப் புகைப்படக்காரர் டோரதியா லாங்கே 1936-இல் கலிபோர்னியாவில், பட்டாணி பறிக்க வந்த கூலிகளின் முகாமில் ஒரு தாயை எடுத்த படம் உலகம் முழுக்கத் தெரிந்தது. கன்னத்தருகே கை, இரண்டு பக்கமும் முகத்தைத் திருப்பிக்கொண்ட பிள்ளைகள். அதன் கீழ் ஓரத்தில், கூடாரக் கம்பைப் பிடித்தபடி ஒரு கட்டைவிரல் இருந்தது. அது உறுத்துகிறது என்று லாங்கே பிற்பாடு நெகட்டிவிலேயே அதை மங்க வைத்துவிட்டார். படக்காரராக அவர் செய்தது நியாயமாக இருக்கலாம். கதைக்காரனுக்கு அந்த விரல் வேண்டும்.

நம் ஊருக்கு வருவோம். வெள்ளைக்காரன் காலத்து அஞ்சலட்டைகளில் பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டும் தமிழ்ப் பெண்ணைப் பார்த்திருப்பீர்கள். நல்ல வெளிச்சத்தில், கையில் உளியோடு, மரத்தைத் தொட்டபடி நிற்பாள். உங்கள் பாட்டியைக் கேட்டால் சிரிப்பார். விடியுமுன்னே பிரட்டு, அதாவது பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவது; குளிர்ச்சி இருக்கும்போது வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் வாளி தூக்குகிற நேரம். அந்தக் காலத்துக் கேமராவுக்கோ வெளிச்சம் வேண்டும். ஆகவே அவளை யாரோ நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன். அவள் புடவையை வர்ணித்து ஒரு பக்கம் எழுதுவதைவிட, "இப்படி நில்லு" என்று சொன்னது யார், அன்றைக்கு அவள் பங்கு மர நிரையை யார் வெட்டி முடித்தார்கள் என்று யோசிப்பதில் கதை இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1948-இல் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலம் வந்ததும், 12 வயது தாண்டிய எல்லோருக்கும் படமும் கைரேகையும் வைத்த அடையாள அட்டை கொடுத்தார்கள். அதற்குக் காரணமாக, சுடப்பட்டு இறந்த வெள்ளைக்காரத் துரைமார்களின் தோட்டங்கள் நம் ஊர்ப்பக்கம்தான், உங்களுக்குத் தெரிந்திருக்கும். தோட்டத்து ஆட்களில் பலருக்கு வாழ்க்கையில் எடுத்த முதல் படமே அந்த ஐசி (அடையாள அட்டை) படம். ஆசைப்பட்டு எடுத்ததில்லை, அரசாங்கம் கேட்டதால் எடுத்தது. செத்த பிறகு சாமி மேடைப் பக்கத்தில் மாட்ட வேறு படம் இல்லாமல், அதையே ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்குவார்கள். என் அப்பாயி படமும் அப்படி வந்ததுதான். ஸ்டூடியோக்காரர் தோடும் மூக்குத்தியும் புடவைக்குக் கரையும் வரைந்து கொடுத்தார். தோடு இரண்டும் ஒரே அளவில் இல்லை. கண்கள் மட்டும் அப்படியே, அதிகாரியைப் பார்த்துத் திகைத்தபடி.

அந்தப் படத்திலிருந்து நான் எழுதிய சிறுகதையில் அப்பாயி வரவே இல்லை. படத்துக்கு நகை வரைகிற ஒருவர் வருகிறார். "கழுத்துக்கு என்ன போடட்டும்?" என்று கேட்கிறார். அடகில் முழுகிப்போன சங்கிலியை வரையச் சொல்கிறான் மூத்தவன். யாரால் முழுகியது என்று இளையவன் ஆரம்பிக்கிறான். அவ்வளவுதான் கதை.

எழுதும்போது படத்தை எதிரில் வைத்துக்கொள்ள மாட்டேன். ஒரு நாள் பார்த்துக் கண்ணில் பட்டதை உரிச்சொல் இல்லாமல் குறித்துக்கொள்வேன்: கதவு, பூட்டு, இரண்டு ஆணி. "சோகமான" என்று எழுதினால் அடித்துவிடுவேன். பிறகு படம் அலமாரிக்குள் போய்விடும். மறந்தது மறக்கட்டும்.

ஓவியம் வேறு சமாச்சாரம். அதில் எதுவும் தற்செயலாக உள்ளே வராது, ஒவ்வொன்றையும் ஒருவர் அங்கே வைத்திருக்கிறார். ஆகவே எதை எங்கே வைப்பது என்று அதில்தான் படிக்கலாம். பழைய ஐரோப்பிய ஓவியர் புரூகல் வரைந்ததாகச் சொல்லப்படும் இகாரஸ் ஓவியம் ஒன்று பிரஸ்ஸல்ஸில் இருக்கிறது. இகாரஸ், மெழுகுச் சிறகோடு பறந்து கடலில் விழுந்த கிரேக்கக் கதைப் பையன். வானத்திலிருந்து விழுந்த இகாரஸ் அதில் எங்கே? மூலையில், தண்ணீருக்கு மேலே இரண்டு கால்கள், அவ்வளவுதான். படத்தின் முன்னால் பெரிதாக இருப்பவன் ஓர் உழவன். அவன் பாட்டுக்கு உழுதுகொண்டிருக்கிறான். சாவு வரும் கதையில் சாவை முதல் பத்தியில் நடுவீட்டில் கிடத்துகிற நம் பழக்கத்துக்கு அது நல்ல மருந்து.

கோலாலம்பூர் போனால் தேசிய கலைக்கூடத்தை எட்டிப் பாருங்கள். நிர்மலா தத் சண்முகலிங்கத்தின் படைப்புகள் எங்காவது கண்ணில் பட்டால் விடாதீர்கள். பத்திரிகைப் புகைப்படங்களை எடுத்துத் தன் ஓவியத்துக்குள் வேறு வேலைக்கு வைத்தவர் அவர். நீங்கள் கேட்கும் கேள்விக்கு மிகவும் பக்கத்தில் இருப்பவர். ஆனால் ஒரே நாளில் எல்லா அறையையும் சுற்றிவிட்டு வராதீர்கள். ஒரு படத்தின் முன் அரை மணி நேரம் நில்லுங்கள். காவலாளி ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பார்க்கட்டும்.

அன்புடன்,
அண்ணன்