மகளைச் சிங்கப்பூருக்கு அனுப்பும் முன்: பாஸ்போர்ட்டின் கடைசித் தேதியிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. மே மாதக் கடைசியில் அவள் பள்ளியிலிருந்து 38 மாணவ மாணவியரை நான்கு ஆசிரியர்களுடன் ஆறு நாள் சிங்கப்பூருக்கு அழைத்துச் செல்கிறார்கள். 11 வயதில் எடுத்த பாஸ்போர்ட் அக்டோபர் வரை இருப்பதால் அதில் சிக்கல் இல்லை. அவளுக்கு அவ்வப்போது வீசிங் வரும், இன்ஹேலர் வைத்திருக்கிறாள். என் கணவர் சவுதி அரேபியாவில் உள்ள தம்மாமில் வேலை பார்க்கிறார். இதுவரை ஒரு நாள்கூட அவள் என்னை விட்டுத் தங்கியதில்லை. பெட்டியில் என்னென்ன வைக்க வேண்டும், வேறு என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?
– விருதுநகர் வாசகி

பதில்: சிக்கல் இல்லை என்று நீங்கள் கடந்துபோன இடத்தில்தான் முதல் சிக்கல் இருக்கிறது. சிங்கப்பூரில் இறங்கும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும். மே மாதக் கடைசியிலிருந்து அக்டோபர் வரை எண்ணிப் பாருங்கள். ஐந்து மாதம்தான் தேறும். இந்தக் கணக்கைக் கவனிக்காமல் விமான நிலையம் வரை வந்துவிட்டு, போர்டிங் பாஸ் கொடுக்க மறுக்கப்பட்டுத் திரும்பிய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே இந்த வாரமே மறுவெளியீட்டுக்கு விண்ணப்பியுங்கள். 15 வயது நிறைந்தவர்கள் பத்தாண்டு பாஸ்போர்ட்டோ 18 வயது வரை செல்லும் பாஸ்போர்ட்டோ கேட்டுப் பெறலாம்; கல்லூரிக் காலத்தில் மறுபடி அலையாமல் இருக்கப் பத்தாண்டையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

ஆனால் 18 வயதுக்குள் இருப்பவருக்குத் தாய், தந்தை இருவரின் ஒப்புதலும் 'அனெக்ஷர் டி' படிவத்தில் வேண்டும். உங்கள் கணவர் வெளிநாட்டில் இருப்பதால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற பிரமாணப் பத்திரத்தை அவர் அனுப்பிவைக்க நேரும். தம்மாம் ரியாத் தூதரகத்தின் எல்லைக்குள் வருகிறது. எல்லா வேலைகளிலும் அதிக நாள் பிடிக்கக்கூடியது இதுவே என்பதால், மற்றவற்றைத் தொடங்கும் முன் அவரிடம் பேசி நாள் குறித்துக்கொள்ளுங்கள். புதிய பாஸ்போர்ட்டின் எண் வேறாக இருக்கும். பள்ளி அலுவலகம் முன்கூட்டியே ஒரு பட்டியலில் எல்லாருடைய எண்களையும் ஏற்றி முகவருக்கு அனுப்பிவிடுவது வழக்கம். பழைய எண் அதில் ஒருமுறை ஏறிவிட்டால் விசா, டிக்கெட், காப்பீடு என்று எல்லாவற்றிலும் தொடர்ந்து வரும். எனவே புதியது வரும்வரை உங்கள் மகளின் வரிசையைக் காலியாக விடும்படி எழுத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அதே பட்டியலில் பெயரையும் ஒருமுறை உங்கள் கண்ணால் பாருங்கள். நம் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான் உண்டு. பள்ளிப் பதிவேட்டில் 'மு. கயல்விழி' என்றிருப்பவர் பாஸ்போர்ட்டில் 'கயல்விழி முருகேசன்' ஆகியிருப்பார். டிக்கெட் போடுபவர் பள்ளிப் பட்டியலைப் பார்த்து 'கயல்விழி எம்' என்று அடித்துவிடுவார். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியே டிக்கெட்டிலும் விசாவிலும் வர வேண்டும்.

விசாவைப் பள்ளி நியமிக்கும் முகவரே வாங்கிவிடுவார். சிங்கப்பூர் வருகை அட்டையை மட்டும், இறங்கும் நாளையும் சேர்த்துக் கடைசி மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், பணம் கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள். பெற்றோர் இருவரும் கையெழுத்திட்டு நோட்டரியிடம் சான்று பெற்ற ஒப்புதல் கடிதத்தின் மூலப் பிரதி ஆசிரியரிடமும், அதன் நகலும் பிறப்புச் சான்றிதழ் நகலும் மகளின் கைப்பையிலும் இருக்கட்டும். சுற்றுலாத் தொகுப்புக் கட்டணத்தோடு டிசிஎஸ் என்று ஒரு வரி பிடிப்பார்கள். அதை வருமான வரிக் கணக்கில் ஈடு செய்துகொள்ளலாம் என்பதால், கணக்குத் தாக்கல் செய்பவரின் பான் எண்ணையே கொடுங்கள்.

இனி வீசிங். பள்ளி எடுக்கும் குழுக் காப்பீட்டு ஆவணத்தின் நகலைக் கேட்டு வாங்கி, அதில் உங்கள் மகளின் ஆஸ்துமா குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே உள்ள நோயைச் சொல்லாமல் விட்டால், அதனால் வரும் மருத்துவமனைச் செலவைக் காப்பீட்டு நிறுவனம் மறுக்க இடமுண்டு. சிங்கப்பூரில் வெளிநாட்டவருக்கு அந்தச் செலவு சிறியதாக இருக்காது. பயணத்துக்கு மூன்று வாரம் முன்பு மருத்துவரைப் பார்த்து, மருந்தின் வணிகப் பெயரோடு மூலப் பெயரையும் (ஜெனரிக் பெயர்) எழுதிய சீட்டை வாங்குங்கள். அங்கே வெளியில் புழுங்கும், உள்ளே ஏ.சி. நடுக்கும், நாள் முழுக்க இரண்டுக்கும் நடுவே போய்வருவதாக அவரிடம் சொல்லிவிடுங்கள்.

இன்ஹேலர் இரண்டு வேண்டும்: ஒன்று அவள் உடலோடு இருக்கும் சிறு பையில், மற்றொன்று ஆசிரியரிடம். ஒரு பயணத்தில் மிருகக்காட்சிச் சாலை வரிசையில் நிற்கும்போது ஒரு மாணவனுக்கு இழுப்பு வந்தது; அவனுடைய இன்ஹேலரோ பேருந்தின் அடிப்பெட்டியில், சூட்கேசுக்குள், காலுறைக்கு அடியில் இருந்தது. ஓட்டுநரைத் தேடிப் பிடித்துத் திறந்து எடுக்க ஆன கால் மணி நேரத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அதன்பின் என்னுடன் வரும் பிள்ளைகளைப் பையைப் பார்க்காமலே கையை விட்டு இன்ஹேலரை எடுத்துக் காட்டச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் செய்து பாருங்கள். காய்ச்சலுக்கும் வயிற்றுக்குமான வழக்கமான மாத்திரைகள் போகட்டும். கோடீன் கலந்த இருமல் மருந்து வேண்டாம், அதற்கு அங்கே முன் அனுமதி தேவை. சூயிங்கமும் கொண்டுபோகக் கூடாது. பவர் பேங்க் கைப்பையில்தான் செல்ல வேண்டும். மின்செருகி அங்கே மூன்று சதுர முனை கொண்டது என்பதால் ஓர் அடாப்டர் வேண்டும். பெட்டியைப் பற்றி இவ்வளவு போதும்.

பெற்றோர் கூட்டத்தில் பொதுவாக உணவைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசுகிறார்கள். நீங்கள் வேறு ஒன்றைக் கேளுங்கள்: ஒரு மாணவியை மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் எந்த ஆசிரியர் அவளோடு இருப்பார், மற்ற மூவர் 37 பேரை எப்படிப் பிரித்துக்கொள்வார்கள்? இதற்கு உடனே பதில் வந்தால் அவர்கள் யோசித்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். 'அப்படியெல்லாம் ஒன்றும் ஆகாது மேடம்' என்ற பதில் வந்தால் மேலும் கேளுங்கள். பெண் ஆசிரியர்கள் எத்தனை பேர், இரவில் அறைகளைச் சரிபார்ப்பது யார், பாஸ்போர்ட்டுகள் யார் பொறுப்பில் இருக்கும் என்பனவும் எழுத்தில் வரட்டும்.

தொலைந்துபோவதைப் பற்றி மகளிடம் முன்பே பேசுங்கள். பேசினால் பயந்துவிடுவாள் என்று தள்ளிப்போடாதீர்கள். எம்ஆர்டி என்னும் சிங்கப்பூர் மெட்ரோ ரயிலில் கதவு சட்டென்று மூடிவிடும். 40 பேர் ஏறும்போது ஒருவர் நடைமேடையில் நின்றுவிடுவது சாதாரணம். விதி ஒன்றுதான்: விடுபட்டவர் அதே இடத்தில் நிற்க வேண்டும், ஏறிப்போனவர்களில் ஆசிரியர் அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பி வருவார். தேடிக்கொண்டு அடுத்த ரயிலில் ஏறினால் இருவரும் எதிரெதிர்த் திசையில் போய்க்கொண்டிருப்பார்கள். தமிழ் அந்நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்று; ரயில் நிலையத்தில் தமிழ் எழுத்தைப் பார்க்கும்போது பிள்ளைகளுக்கு வரும் தைரியத்தை நான் கண்டிருக்கிறேன். ஆனாலும் விடுதியின் பெயர், ஆசிரியர்களின் எண்கள், காவல்துறைக்கு 999, ஆம்புலன்சுக்கு 995 ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பையில் வைக்கச் சொல்லுங்கள். போனில் சார்ஜ் இல்லாத நேரத்தில்தான் அது தேவைப்படும்.

சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கே இரவு எட்டரை, இங்கே மாலை ஆறு என்று ஒரே ஒரு நேரத்தைப் பேசுவதற்குக் குறித்துக்கொள்ளுங்கள். மணிக்கொருமுறை அழைத்தால் அவள் மனம் விருதுநகரிலேயே நிற்கும். முதல் இரவில் அழுதால் அவளிடமே நீளப் பேசிக்கொண்டிராமல், பொறுப்பு ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள்.

முதன்முதலாகத் தனியே தங்குவது வெளிநாட்டில் நடக்க வேண்டாம். ஏப்ரலில் ஒரு சனி, ஞாயிறு, மதுரையிலோ கோவில்பட்டியிலோ உள்ள சித்தி வீட்டுக்கு அவளை மட்டும் அனுப்புங்கள். பெட்டியை அவளே கட்டட்டும், நீங்கள் தொடாதீர்கள். நாப்கின், பல் தூரிகை, மாற்று உடை, இரவு போட வேண்டிய மாத்திரை எல்லாம் அவள் பொறுப்பு. திரும்பி வந்ததும் எதை மறந்தாள், எதை வீணாகச் சுமந்தாள் என்று ஒரு தாளில் எழுதி, அதை அலமாரிக் கதவில் ஒட்டச் சொல்லுங்கள். மே மாதம் பெட்டி கட்டும்போது அந்தத் தாளைப் பார்த்துக் கட்டட்டும்.