சின்னம்மாவின் மார்பகப் புற்றுநோயைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. நான் மரபணுச் சோதனை செய்துகொள்ளலாமா?

பினாங்கிலுள்ள உங்கள் சின்னம்மாவுக்கு 41 வயதில் இந்நோய் வந்ததையும், கோலாலம்பூரில் வசிக்கும் நீங்கள் அவரிடம் கேட்கத் தயங்குவதையும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். ஆயினும் பேச்சு அவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும். ஏனெனில் இயன்றவரை முதலில் சோதிக்கப்பட வேண்டியவர் நீங்கள் அல்லர், அவரே. மார்பகப் புற்றுநோயோடும் சூலகப் புற்றுநோயோடும் தொடர்புடைய பிஆர்சிஏ1 அல்லது பிஆர்சிஏ2 மரபணுவில் அவருக்குத் தீங்கான மாற்றம் கண்டறியப்பட்டால், உங்கள் அம்மாவிடமும் உங்களிடமும் குறிப்பாக அதையே தேடலாம். இல்லையென்று வரும் விடைக்கும் தெளிவான பொருள் இருக்கும். அவரை விட்டுவிட்டு உங்களை மட்டும் சோதித்து ஒன்றும் கிடைக்காவிட்டால், குடும்பத்திலேயே அத்தகைய மாற்றம் இல்லையா, இருந்தும் உங்களுக்கு வரவில்லையா என்பது விளங்காது.

பெற்றோரில் ஒருவரிடம் இம்மாற்றம் இருந்தால், மகனாயினும் மகளாயினும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 விழுக்காடு வாய்ப்புண்டு. (அப்பா வழி அத்தைகளை இக்கணக்கில் பலர் மறந்துவிடுகிறார்கள்.)

பெண்பிள்ளைகளுக்கு வரன் தட்டிப்போகும் என்ற அச்சமே பல வீடுகளில் வாயைக் கட்டிப்போடுகிறது. அதை அற்பமென்று ஒதுக்காதீர்கள். தீபாவளிக் கூட்டத்தில் கேட்காமல் சின்னம்மாவைத் தனியே சந்தித்து, நோய் ஒரு மார்பிலா இரண்டிலுமா, உறவில் யாருக்கேனும் சூலகப் புற்றுநோய் வந்ததுண்டா என்று கேட்டு, அவர் இசைந்தால் இருவருமாக மரபணு ஆலோசகரைப் பாருங்கள்.