11 இடம், 4.6 நட்சத்திரம்: ராமேஸ்வரத்தில் ஒரு மறுசுழற்சி நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடலாமா?

நீங்கள் கேட்டது இதுதான்: ராமேஸ்வரத்தில் சின்ன விடுதி நடத்துகிறீர்கள். பாட்டிலையும் அட்டைப்பெட்டியையும் எடுத்துக்கொள்ள ஒரு மறுசுழற்சி நிறுவனம் வந்து பேசியிருக்கிறது. வரைபடத்தில் பார்த்தால் மாவட்டக் கடற்கரை நெடுக அவர்களுக்கு 11 இடம், சராசரி 4.6 நட்சத்திரம். ஓராண்டுக்கு எழுதிக் கொடுக்கலாமா?

உடனே எழுதிக் கொடுக்காதீர்கள். உச்சிப்புளியில் என் மச்சான் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறார், கணக்கு நான் பார்க்கிறேன். இரண்டு வருடம் முன்பு இதே போல ஒரு நிறுவனம் எங்களிடமும் வந்தது. அவர்கள் காட்டியது ஒன்பது இடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒன்பதையும் தாளில் எழுதினேன். முகவரி, தொலைபேசி, படம், எத்தனை பேர் மதிப்பீடு போட்டிருக்கிறார்கள், கடைசியாகப் போட்டது எந்த மாதம், அவ்வளவுதான். எழுதும்போதே பாதி வெளுத்துவிட்டது. மூன்று கிளைக்கு வேறு வேறு எண். அழைத்தால் மூன்றிலும் ஒரே குரல். மூன்றாவது முறை அவரே "அண்ணே, நீங்கதானா?" என்று சிரித்துவிட்டார். தேவிபட்டினம் கிளையின் குறி கடலுக்குள் விழுந்திருந்தது, கடலுக்குள் நவக்கிரகம் நிற்கும் நவபாஷாணத்துக்குப் பக்கத்தில். ஒன்பது கிரகத்தோடு பத்தாவதாக இவர்களும் நிற்கிறார்கள் என்று மச்சான் சொன்னார்.

படங்களில் நான் தேடியது தராசு. போர்டு யார் வேண்டுமானாலும் மாட்டலாம். தராசு இருந்தால்தான் அங்கே சரக்கு வருகிறது, பணம் கைமாறுகிறது என்று அர்த்தம். ஒன்பதில் மூன்றில்தான் தராசு தெரிந்தது.

ஆனால் இந்தக் கணக்கிலும் ஓரிடத்தில் ஏமாந்தேன். கீழக்கரை கிளை என்று போட்டிருந்த இடத்தில் நேரில் போய்ப் பார்த்தால் ஒரு டீக்கடை. போலி என்று அடித்துவிட்டுக் கிளம்பப் பார்த்தேன். கடைக்காரரிடம் "காக்கா, இங்கே பழைய பிளாஸ்டிக் எடுக்கிறாங்களாமே?" என்று சும்மா கேட்டேன் (கீழக்கரையில் அண்ணனைக் காக்கா என்பார்கள்). "சாக்குல கட்டி வச்சுட்டுப் போங்க தம்பி, வியாழக்கிழமை வண்டி வரும்" என்றார். வந்ததா? வந்தது, வாரம் தவறாமல். கண்ணாடிக் கதவு போட்ட ராமநாதபுரம் அலுவலகத்தைவிட அந்த டீக்கடை நல்ல கிளை. அதனால் இப்போது கட்டடத்தை எண்ணுவதில்லை. எந்த ஊருக்கு எந்தக் கிழமை வண்டி வருகிறது என்றுதான் கேட்கிறேன்.

தீவில் இருக்கும் உங்களுக்கு இது இன்னும் முக்கியம். ராமேஸ்வரத்தை மையமாக வைத்து 25 கிலோமீட்டர் வட்டம் போட்டால் பெரும்பகுதி கடல்தான். தொண்டிக் கிளை வரைபடத்தில் கடலுக்கு அந்தப் பக்கம் கைக்கெட்டும் தூரம் போலத் தெரியும். வண்டி ஆனால் தேவிபட்டினம், ராமநாதபுரம், மண்டபம் என்று சுற்றி, 1988-இல் திறந்த பாம்பன் சாலைப் பாலத்தைத் தாண்டித்தான் வர முடியும். தீவுக்குள் வர வேறு சாலை கிடையாது. அதனால் 11 இடத்தில் பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரத்தில் எத்தனை, மண்டபத்தில் உண்டா என்பதை மட்டும் பாருங்கள். மற்றவை உங்களுக்கு அலங்காரம்.

அப்புறம் வண்டிச் செலவு. காலி பிளாஸ்டிக் பாட்டில் ஏற்றும் வண்டி எடையால் நிரம்பாது, இடத்தால் நிரம்பும். தெர்மாகோல் இன்னும் மோசம், அதில் சுமார் 98 சதவீதம் காற்றுதான். அமுக்கிக் கட்டும் பேலிங் மெஷின் பக்கத்தில் இல்லாத நிறுவனம் பாலத்தின் மேல் காற்றைத்தான் ஏற்றிப் போகும். நாலு மாதத்தில் கட்டுப்படியாகாமல் வண்டியை நிறுத்திவிடும். மெஷின் எந்த ஊரில் இருக்கிறது என்று முதல் கேள்வியாகவே கேளுங்கள்.

சரி, நட்சத்திரம். 4.6 எப்படி வந்தது? கிளைகளின் சராசரியைக் கூட்டி, கிளை எண்ணிக்கையால் வகுத்திருந்தால் அது ஏமாற்றும் கணக்கு. ஒரு கிளையில் 4 பேர் போட்டு 5.0, இன்னொன்றில் 7 பேர் போட்டு 4.9, மூன்றாவதில் 90 பேர் போட்டு 3.4 என்று வையுங்கள். மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 4.4 வரும். ஆள் கணக்கில் வகுத்தால் 3.6-க்குக் கீழே. உண்மையில் சரக்கு நடக்கும் கிளை அந்த 90 பேருடையதுதானே.

போட்டவர்கள் யார் என்பதும் இருக்கிறது. பழைய வலை கொண்டுவரும் மீனவரோ சைக்கிளில் பாட்டில் பொறுக்கும் பெரியவரோ நட்சத்திரம் போடுவதில்லை. போடுவது பெரும்பாலும் அங்கே வேலை செய்யும் பையன்களும் அவர்களின் நண்பர்களும். ஒரே வாரத்தில் வரிசையாக "சூப்பர் சர்வீஸ்" வந்தால் விட்டுவிடலாம். ஒற்றை நட்சத்திரங்களைத் திறந்து எடை, பணம், வண்டி என்ற மூன்று சொல்லைத் தேடுங்கள். ஈரம், மணல் என்று எடையில் கழித்தார்கள் என்ற புகார் மழைக்காலத்தில் எல்லாக் கடைக்கும் வரும், அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். பணம் வரவில்லை என்று வேறு வேறு மாதங்களில் வேறு வேறு ஆட்கள் எழுதியிருந்தால் நான் ஒதுங்கிவிடுவேன்.

நான் தேடிப் படித்த இன்னொன்று ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்து மதிப்பீடுகள். விசைப்படகுகள் கரையில் நிற்கும். வலை பிரித்துக் கட்டும் காலம், பழைய வலை குவியும். நைலான் வலையும் பாலிஎத்திலீன் வலையும் ஒன்றல்ல, விலையும் வேறு. ஒரு துண்டு வெட்டி வாளித் தண்ணீரில் போட்டால் நைலான் மூழ்கும், மற்றது மிதக்கும். இதைக்கூடப் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே விலைக்கு அள்ளிய கிளையை எங்கள் பக்கத்து ஆட்கள் கிழித்து எழுதியிருந்தார்கள். அந்தக் கிளைக்குத்தான் அதற்கு முன்பு 5.0 இருந்தது, ஐந்தே பேர் போட்டு.

உங்கள் தடைக்காலம் அமாவாசை. ஆடி அமாவாசையும் தை அமாவாசையும் முடிந்த மறுநாள் விடுதியில் எவ்வளவு பாட்டில் சேரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த நாளில் வண்டி வருமா என்று கேட்டு, வரும் என்றால் அதை எழுத்தில் வாங்குங்கள். ஓராண்டு வேண்டாம், ஒரு பெரிய அமாவாசை உள்ளே வருகிற மாதிரி மூன்று மாதம் போடுங்கள். முதல் இரண்டு முறை உங்கள் தராசிலும் எடை பாருங்கள்.

நாங்கள் கடைசியில் வலையை மட்டும் அவர்களுக்குக் கொடுத்தோம். பாட்டில் பழையபடி ராமநாதபுரத்து வியாபாரிக்கே போகிறது. அவருக்கு வரைபடத்தில் இடமும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. எடை போட்டதும் எண்ணிக் கொடுத்துவிடுகிறார்.