பதினான்கு கைகள்

அன்புள்ள அம்மா,

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, குழுவுக்கு ஒரு நாகரிகம் கொடுத்திருக்கிறார்கள். இவர்களுக்கு வந்தது பண்டைய கிரேக்கம். இரண்டு வாரம் அவகாசம். ஒரு பையன் சார்ட் வாங்கித் தந்ததோடு சரி, மற்ற மூன்று பேரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இவள் ஒருத்தியே அழுதுகொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்க்கச் சகிக்காமல் நான் ஆபீஸுக்கு இரண்டு நாள் லீவு போட்டேன். சாக்ரடீஸ், அலெக்சாண்டர், ஒலிம்பிக், மக்களாட்சி என்று நாற்பது பக்கம் எடுத்துவிட்டோம். தெர்மாகோலில் பார்த்தினான் கோயிலும் செய்து முடித்துவிட்டோம். முடிவுரை மட்டும் பாக்கி.

கிரேக்கம் பற்றித் தமிழில் படிக்க நல்ல புத்தகங்கள் எவை? ஏதென்ஸ் மக்களாட்சியையும் நம் உத்திரமேரூர் குடவோலையையும் ஒப்பிட்டு, நம்முடையதே சிறந்தது என்று முடிக்கலாமா? வேலை செய்யாத பிள்ளைகளுக்கும் அதே மதிப்பெண் போவது நியாயமா, மிஸ்ஸிடம் பேசலாமா?

ம., திருமங்கலம்

அன்புள்ள ம.,

புத்தகப் பட்டியல் தரமாட்டேன். நாற்பது பக்கம் எடுத்தவர் கையில் இன்னொரு புத்தகத்தைக் கொடுத்தால் அது எண்பது பக்கமாகும்.

குடவோலை கிபி 919, 921 ஆண்டுக் கல்வெட்டுகளில் வருவது. ஏதென்ஸின் ஏற்பாடு கிமு ஆறாம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கியது. நடுவில் 1400 ஆண்டு கிடக்கிறது, இதில் யாருக்கும் யாருக்கும் பந்தயம்? ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால், ஏதென்ஸிலும் 500 பேர் கொண்ட மன்றத்துக்கு ஆள் எடுத்தது குலுக்கல் முறையில்தான் என்பதைப் பாருங்கள். கூடவே, இரண்டு ஊரிலும் பெண்கள் என்பதால் நீங்களும் உங்கள் மகளும் வாசலுக்கு வெளியேதான் நின்றிருப்பீர்கள் என்பதையும் முடிவுரையில் போடுங்கள்.

உங்களுக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. ஒரு வாரமாக நான் ஒரு கிணற்றை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஏதென்ஸில், அக்ரோபொலிஸ் குன்றின் வடக்குச் சரிவில் இருக்கிறது அந்தக் கிணறு. 1937-இல் அதைத் தோண்டியவர்களுக்கு 190 மண்பாண்டச் சில்லுகள் கிடைத்தன. பெரும்பாலும் மதுக்கோப்பைகளின் அடிப்பாகங்கள். எல்லாவற்றிலும் ஒரே ஆளின் பெயர் கீறியிருந்தது: தெமிஸ்டோக்ளிஸ். கிமு 480-இல் சலாமிஸ் கடற்போரில் பாரசீகக் கப்பற்படையை மடக்கியவர், ஊரைக் காப்பாற்றியவர். அவரை ஊரைவிட்டுத் துரத்தத்தான் அந்தச் சில்லுகள்.

முறை இதுதான். ஆண்டுக்கு ஒருமுறை, யாரையாவது வெளியேற்ற வேண்டுமா என்று மக்கள் சபையில் கேட்பார்கள். வேண்டும் என்றால் இன்னொரு நாள் குறித்து, குடிமக்கள் ஆளுக்கொரு பானை ஓட்டில் ஒரு பெயரைக் கீறிக் கொண்டுவந்து போடுவார்கள். வழக்கு கிடையாது, சாட்சி கிடையாது, குற்றம் இன்னதென்று சொல்லவும் வேண்டாம். பிற்காலத்துக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் சொல்லும் கணக்குப்படி மொத்தம் 6000 ஓடாவது சேர்ந்திருந்தால், அதிகம் பேர் எழுதிய பெயருக்குரியவர் பத்து நாளில் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டும். பத்து ஆண்டு திரும்பக் கூடாது. வீடு, நிலமெல்லாம் அவருக்கே. கிமு 487 தொடங்கிச் சுமார் 70 ஆண்டு இது நடந்தது.

(ஓட்டில் எழுதிய ஓட்டு. முன்னது நம் ஓடு, பின்னது வெள்ளைக்காரன் விட்டுப்போன வோட்டு. சிலேடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கிரேக்கனுக்கு ஓட்டுப் போடக் கற்றுக்கொடுத்தவன் தமிழன் என்று இதை வைத்து யாராவது கிளம்பினால் நான் பொறுப்பல்ல.)

கிணற்றுக்கு வருகிறேன். எழுத்துகளின் வடிவத்தை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர்கள், அந்த 190 சில்லுகளையும் எழுதியது பதினான்கே கைகள் என்று கண்டுபிடித்தார்கள். ஓட்டுப் போடுகிறவன் தானே எழுதியதல்ல. எழுதத் தெரியாதவனுக்கும் எழுதச் சோம்பல்படுகிறவனுக்கும் கொடுக்க, முன்கூட்டியே எழுதித் தயாராக வைத்தது என்கிறார்கள். இவை மிஞ்சிப்போய்க் கிணற்றுக்கு வந்திருக்க வேண்டும். உங்கள் நாற்பது பக்கத்தில் ‘மக்களாட்சியின் தொட்டில்’ என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். அந்தத் தொட்டிலுக்கு அடியில் கிடந்தது இது. இதுவும் ஒரு குழுச் செயல்திட்டம்தான், ம. பதினான்கு பேரும் சமமாகவா எழுதியிருப்பார்கள்? வகுத்துப் பார்த்தால் ஆளுக்குப் பதின்மூன்றரை வருகிறது. எவனாவது ஒருவன் கோப்பையை மட்டும் வாங்கித் தந்துவிட்டு உட்கார்ந்திருப்பான், உங்கள் சார்ட் பையனைப் போல.

இதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அரிஸ்டைடிஸ் கதை நினைவுக்கு வரும். ‘நீதிமான்’ என்று பெயர் வாங்கியவர். கிமு 482-இல் அவருக்கும் ஓடு விழுந்தது. அன்று எழுதப் படிக்கத் தெரியாத ஒரு நாட்டுப்புறத்தான், ஆள் யாரென்று தெரியாமல் அவரிடமே ஓட்டை நீட்டி, “இதில் அரிஸ்டைடிஸ் என்று எழுதிக் கொடு” என்றானாம். “அவர் உனக்கு என்ன கெடுதல் செய்தார்?” “ஒன்றுமில்லை, ஆளையே எனக்குத் தெரியாது. எங்கே போனாலும் நீதிமான் நீதிமான் என்று கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.” அவர் மறுபேச்சுப் பேசாமல் தன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார். புளூட்டார்க் இதை எழுதியது ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. நடந்ததோ இல்லையோ, எனக்கு இந்தக் கதையைக் கண்டாலே பயம். ஏனென்றால் நான் அப்படி எழுதிக் கொடுக்கவில்லை.

என் அப்பத்தாவுக்கு எழுத்து தெரியாது. பம்பாயில் மில் வேலையில் இருந்த சித்தப்பாவுக்கு மாதம் ஒரு இன்லண்ட் லெட்டர் போகும். சொல்வது அவள், எழுதுவது நான். எனக்குப் பதினொரு வயது. ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு குரலைத் தாழ்த்தி, “எழுதுடி. ஒங்க அண்ணி ராத்திரிக்கு எனக்குப் பழைய கஞ்சிதான் ஊத்துறா, தொட்டுக்க ஒண்ணும் வைக்கிறதில்லன்னு எழுது” என்றாள். அந்த அண்ணி என் அம்மா. உள்ளே அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? ‘நான் சுகம், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்’ என்று எழுதினேன். வாசித்துக் காட்டச் சொன்னாள். அவள் சொன்னதை வரி பிசகாமல் ஒப்பித்தேன்.

பதில் வந்தது. ‘அம்மா வேளாவேளைக்குச் சாப்பிடுவது அறிந்து நிம்மதி’ என்று எழுதியிருந்தார் சித்தப்பா. அதை வாசித்துக் காட்ட வேண்டியவளும் நான்தான். அந்த வரியைத் தாண்டிவிட்டு மற்றதை வாசித்தேன். “அதுக்கு ஒண்ணும் எழுதலையா எம் புள்ள?” என்றாள். “இல்ல அப்பத்தா.” கடிதத்தை வாங்கி நாலாக மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டாள். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மூன்று வருஷம் கழித்துச் செத்துப்போனாள், மகன் கண்டுகொள்ளவில்லை என்ற நினைப்போடு.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். ‘எடுத்துவிட்டோம்’, ‘முடித்துவிட்டோம்’. இந்த ‘ஓம்’ யார்? லீவு போட்டது நீங்கள், தேடியது நீங்கள், தெர்மாகோலை அறுத்ததும் நீங்களாகத்தான் இருக்கும். உங்கள் மகள் சொன்ன வாக்கியம் ஒன்றுகூட உங்கள் கடிதத்தில் இல்லை; அவள் அழுதாள் என்பது மட்டும் இருக்கிறது. கிரேக்கத்தைப் பற்றி அவளுக்கு என்ன தெரிய வேண்டியிருந்தது என்று ஒரு தடவை கேட்டீர்களா? இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஓட்டில் எது எவன் கை என்று பிரித்துச் சொல்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பு மிஸ்ஸுக்கு உங்கள் கை தெரியாதா?

கோபித்துக்கொள்ளாதீர்கள். அழுகிற பிள்ளையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது, தெரியும். என் மகனுக்கு நானும் எரிமலை செய்து கொடுத்தவள்தான். சோடா உப்பு, வினிகர், கேசரிப் பவுடர். முதல் பரிசு வந்தது. எனக்கு வந்தது. அவனுக்கு இன்றைக்கும் எரிமலை ஏன் வெடிக்கிறது என்று தெரியாது.

நாற்பது பக்கத்தையும் எடுத்து உள்ளே வையுங்கள். உடைந்த மண்பானை ஒன்று கிடைக்காமல் போகாது. ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேரையும் வீட்டுக்குக் கூப்பிடுங்கள். போண்டா போட்டால் வருவார்கள். ஆளுக்கொரு சில்லும் ஒரு ஆணியும் கொடுத்து, ஊரைவிட்டுத் துரத்த வேண்டியது எது என்று கீறச் சொல்லுங்கள். வகுப்பில் இருக்கிற யார் பெயரும் கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, நீங்கள் அடுப்படிக்குப் போய்விடுங்கள். ஒரு பெயர் கீற எத்தனை நிமிஷம் ஆகிறது, கை எப்படி வலிக்கிறது, 6000 ஓட்டை யார் எண்ணியிருப்பார்கள், எழுதத் தெரியாதவன் யாரை நம்பியிருப்பான் என்று அவர்களே கேட்கத் தொடங்குவார்கள். கேட்ட பிறகு தேடட்டும். ஏதென்ஸின் குயவர் பகுதியான கெராமெய்கோஸில் இப்படிப்பட்ட சில்லுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. கிமோன் என்ற தலைவனைத் துரத்த, ‘கிமோன், சகோதரி எல்பினிகேயையும் கூட்டிக்கொண்டு போய்ச்சேர்’ என்று ஒருவன் வம்பு எழுதியிருக்கிறான். இன்னொருவன் எந்தத் தலைவனையும் எழுதவில்லை. பசியை நாடு கடத்தச் சொல்லி எழுதியிருக்கிறான். இதைப் பிள்ளைகளுக்கு நீங்கள் முந்திச் சொல்லிவிடாதீர்கள். தேடும்போது தானாகக் கிடைக்கட்டும்.

கீழடி உங்களுக்குப் பக்கம்தானே. அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போங்கள். ‘ஆதன்’ என்று ஓட்டில் கீறியிருப்பார்கள். துரத்துவதற்கு எழுதியதல்ல அது. பானைக்காரன் பெயராக இருக்கலாம்.

மதிப்பெண்ணுக்காக மிஸ்ஸிடம் போய் நிற்காதீர்கள். தெர்மாகோல் கோயிலைத் தூக்கிப் போடவும் வேண்டாம். இரண்டு நாள் லீவு அதில் இருக்கிறது. நவராத்திரிக்குக் கொலுவில் வையுங்கள், செட்டியார் பொம்மைக்குப் பின்னால் நன்றாக இருக்கும்.